யாரும் நம்பாத சங்கிலி

றுஸைனாவின் உடைந்த கையைப் பார்த்து ஷிரானிக்குப் பொறாமையாக இருந்தது. பிளாஸ்டர் போட்டு, வெள்ளைத் துணியில் கழுத்தோடு தொங்கவிட்டிருந்த கை அது. அந்தக் கையைப் பார்க்கத்தான் பாலத்தடி லேன் முழுவதும் வந்து போய்க்கொண்டிருந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவர்கள் வந்து அவள் சுகமாக வேண்டி துஆ கேட்டுவிட்டுப் போனார்கள். சந்திக் கடைக்காரரின் மனைவி, சிங்களப் பெண், செவ்விளநீர்க் குலையோடு வந்து, கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். கோயில் பக்கத்து வீட்டார் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார்கள். பால்மா டின்னும் பிஸ்கட் பெட்டியும் மேசையில் இடமில்லாமல் அலுமாரிக்கு மேலே ஏறின.

ஷிரானியின் வீடு நேர் எதிரே. அவளுடைய குசினி ஜன்னலில் நின்றால் றுஸைனா வீட்டு வாசல் தெரியும். யார் வருகிறார்கள், கையில் என்ன கொண்டுவருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கறி இரண்டு தரம் அடிப்பிடித்தது.

அவளுக்கும் அதே மாதிரி ஒன்று நடந்திருந்தது. அதற்கு முந்தைய வருடம், மழைக்காலத்தில். அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

ஷிரானி ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் கட்டி மாத்தளைப் பக்கம் வந்து, டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற ஒரு கடையில் சுத்தம் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தாள். எந்தச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் அவள் கையில் கராம்பு மணம் போகாது. புருஷன் கிறிஷாந்த் ஓட்டோ ஓட்டுகிறவன். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். குறை சொல்ல முடியாத வாழ்க்கை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

அன்றைக்குக் காலையில் வேலைக்குப் போக லேனிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பும் வளைவில் நடந்துகொண்டிருந்தாள். தூறல். ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை. பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்தது. வழி கேட்கத்தான் நிறுத்துகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினாள். பின்னால் இருந்தவன் குடைக்குள் கையை விட்டுத் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அவள் விழவில்லை. இரண்டடி இழுபட்டுப் போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வாலிபனில்லை, நாற்பது வயது இருக்கும். இடது புருவத்தின் நடுவில் மயிர் முளைக்காத வெட்டுத் தழும்பு. கறுப்பு மோட்டார் சைக்கிளில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பொலித்தீன் சுற்றியிருந்தது. இவ்வளவையும் அவள் பார்த்தாள். சத்தம் போடத்தான் வாய் வரவில்லை.

பொலிஸுக்குப் போனபோது அங்கிருந்தவர், அது தங்கம்தானா, கவரிங்கா என்று முதலில் கேட்டார். பிறகு இப்படி மின்னுகிறதை வெளியே போட்டுக்கொண்டு போனால் எவன்தான் விடுவான் என்றார். புருவத்து வெட்டைப் பற்றி அவள் சொல்ல வாயெடுத்தபோது இன்னொருவர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். லேனில் வேறு கதை கிளம்பியிருந்தது. அந்தக் கிழமைதான் அவளுடைய தம்பி துபாய்க்குப் போயிருந்தான். டிக்கட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று யாரோ கேட்க, யாரோ அவள் கழுத்தைக் காட்டியிருக்கிறார்கள். சங்கிலியை அறுத்தால் கழுத்தில் காயம் இருக்காதா என்று கேட்டவர்களும் உண்டு. காயம் இருந்தது. பின் கழுத்தில், கூந்தலுக்குக் கீழே, நூல் மாதிரி ஒரு கீறல். அதை யாரிடம் போய்ப் பின்னலைத் தூக்கிக் காட்டுவது?

கிறிஷாந்த் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் அவள் குளித்துவிட்டு வரும்போது அலுமாரியில் அவளுடைய சேலைகளுக்கு அடியில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் உடுத்தச் சாரம் எடுக்க வந்தேன் என்றான். அவனுடைய சாரம் அந்தத் தட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. அன்றிலிருந்து அவள் அந்தச் சங்கிலியைப் பற்றி யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டாள். கறுப்பு நூலில் ஒரு சின்னச் சிலுவையைக் கோத்துப் போட்டுக்கொண்டாள்.

இப்போது றுஸைனா. அவளுடைய புருஷன் றஹீம் தம்புள்ளைக்கு மரக்கறி வியாபாரத்துக்குப் போய்க் கிழமையில் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். றுஸைனா ஷிரானியைவிட மூத்தவள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். ஷிரானியும் அப்படித்தான் கூப்பிட்டுப் பழகியிருந்தாள். பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும், நத்தார்ப் பண்டிகைக்கு இங்கிருந்து கேக் போகும். அப்படிப்பட்ட றுஸைனா கடையில் பாண் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அதே வளைவில், ஒரு மோட்டார் சைக்கிள்காரன் அவளுடைய சங்கிலியைப் பர்தாவோடு சேர்த்து இழுத்து அறுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் குப்புற விழுந்தாள். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது.

தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது கிறிஷாந்த்தான். ஓட்டோவின் பின் சீற்றில் இரத்தம். பின்னேரம் வீட்டுக்கு வந்து, சேர்ட்டைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்து, கண் கலங்கிச் சொன்னான்.

"ஒரு பொம்பளய இப்படிச் செய்றானுங்கன்னா, அவனுங்கள உயிரோட விடக்கூடாது."

ஷிரானி தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்தாள். பொம்பளை என்ற அந்தச் சொல்லில் தான் சேர்த்தியா இல்லையா என்று கேட்க நினைத்தாள். அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு லேனே மாறிப்போனது. வளைவில் கம்பம் நட்டு லைட் போட்டார்கள். கடைக்காரர் கெமரா பூட்டினார். ஆண்கள் சேர்ந்து காவல் குழு ஒன்று அமைத்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று மூன்று சாதிக்காரரும் அதில் இருந்தார்கள். கிறிஷாந்த் முன்னுக்கு நின்றான், விசில் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பெண்கள் தனியாக பஸ்ஸுக்குப் போவதில்லை, நாலைந்து பேராகச் சேர்ந்து போனார்கள். வருடக்கணக்காகத் துணி மூட்டையோடு வந்துபோன கிழவனை அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கதவுகள் சாத்தப்பட்டன. எல்லாருக்கும் பயம். நேற்றுவரை பேர் தெரிந்தவனையும் இன்றைக்கு உற்றுப் பார்க்கிற பயம்.

ஷிரானிக்கும் பயம் இருந்தது. ஆனால் அவள் ஒரு வருடமாகத் தனியாகப் பயந்தவள். அந்த வளைவில் ஒவ்வொரு நாளும் மதிலோடு ஒட்டிக்கொண்டு, பின்னால் பார்த்துப் பார்த்து நடந்தவள். புதிய லைட்டின் கீழே போகும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. இது றுஸைனாவின் லைட். அவளுக்காக நட்டது.

பார்க்கப் போகாமலும் இருக்க முடியாது. மூன்றாம் நாள் மீன் வாங்கி ஆக்கிக்கொண்டு போனாள். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே இருந்த ஒருத்தி, சும்மா நகையைப் பறிகொடுத்தேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இதுவல்லவா உண்மையான கொடுமை என்றாள். யாரைச் சொன்னாளோ. ஷிரானி பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, கூட்டம் கலையும்வரை மூலையில் நின்றாள். பிறகு கட்டிலுக்குக் கிட்டப் போய் மெல்லச் சொன்னாள்.

"உங்களுக்குக் கை ஒடஞ்சது நல்லதாப் போச்சு தாத்தா."

றுஸைனா ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தாள். ஷிரானி வீட்டுக்கு வந்து, மீன் வெட்டிய பலகையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். சொன்னதை நினைத்து வெட்கமாக இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் எரிந்திருக்கும் என்றும் தோன்றியது.

சில நாட்களில் காவல் குழு ஆளைப் பிடித்துவிட்டது. மேலே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், தாயோடு இருக்கும் டிலக்சன். இருபத்திரண்டு வயதுப் பையன். தம்புள்ளைச் சந்தையில் மூட்டை ஏற்றுகிற வேலை. மாதத் தவணைக்கு லீசிங்கில் கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று எடுத்திருந்தான், தலைமயிருக்குச் செம்பட்டைச் சாயம் அடித்திருந்தான். வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. வெயில் தாழும் நேரத்தில் லேன் வழியாக வந்தவனை மறித்து இறக்கினார்கள். விசில் சத்தம் கேட்டு ஷிரானி வெளியே வந்தபோது அவன் மண்ணில் கிடந்தான். அடிக்கிறவர்களின் முதுகுகளுக்கு நடுவே அவன் முகம் ஒருமுறை தெரிந்தது. இரண்டு புருவமும் முழுசாக இருந்தன. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் பார்க்கிற முகம்.

தன் சங்கிலியை அறுத்தவன் இவன் இல்லை என்று அவளுக்கு அந்த இடத்திலேயே தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்த நேரம் அவளுக்குள் வேறொன்றுதான் எழும்பியது. என் சங்கிலி போனபோது எவன் விசில் ஊதினான்? என்னிடம் யாராவது ஆள் எப்படியிருந்தான் என்று கேட்டார்களா? இது றுஸைனாவின் திருடன், றுஸைனாவே பார்த்துக்கொள்ளட்டும். அவள் உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து போஞ்சி வெட்டத் தொடங்கினாள். வெளியே பையன் அம்மா என்று கத்துவது கேட்டது. தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டாள்.

அடுத்த நாள் டிலக்சனின் தாய் சவரியம்மா வந்தாள். கொழுந்து எடுத்த சட்டையோடு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல். அவளும் ஷிரானியும் ஒரே கோயில், வீடு வீடாகச் செபம் சொல்லும் ஒரே அன்பியக் கூட்டம். தன்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்து ஷிரானி கதவருகே வந்து நின்றாள். சவரியம்மா அவளைக் கடந்து நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே தரையில் உட்கார்ந்து, றுஸைனாவின் காலைப் பிடித்துக்கொண்டு, அவன் இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அன்றைக்கு அவன் தம்புள்ளையில் லொறிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றான், யாரும் போய்க் கேட்கமாட்டேன் என்கிறார்கள் என்று அழுதாள். கெஞ்ச வருகிறவளும் அங்கேதான் போகிறாள் என்று ஷிரானிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது.

பொலிஸார் கொண்டுபோன பையனை ரிமாண்டில் வைத்தார்கள். நீதிமன்றத்தில் அடையாள அணிவகுப்புக்கு றுஸைனா வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லேனில் அதுதான் பேச்சு. நீங்கள் கையைக் காட்டினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆளாளுக்கு வந்து தைரியம் சொன்னார்கள். கிறிஷாந்த் ஓட்டோவைக் கழுவி வைத்தான்.

அதற்கு முதல் நாள் மத்தியானம், லேனில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, றுஸைனா தானாக எழுந்து ரோட்டைக் கடந்து வந்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. வந்த வேகத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஷிரானி, நான் அவன்ட மொகத்தக் காணல்ல. குப்புறத்தானே விழுந்தன். சிவப்புப் பொலித்தீன் சுத்தின பைக் ஒண்டு போறதுதான் கண்ணுல பட்டது. எல்லாரும் நான் கண்டன், கண்டனெண்டு சொல்றாங்க. இல்லண்டு சொல்ல எனக்கு ஏலாம ஈக்கி."

சிவப்புப் பொலித்தீன் என்றதும் ஷிரானி துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். றுஸைனா அவள் முகத்தையே பார்த்தாள்.

"உங்கட ஆள நீங்க கண்டீங்களா?"

ஒரு வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள். ஷிரானி அவளைக் கதிரையில் உட்காரச் சொன்னாள். புருவத்து வெட்டு, வயசு, கறுப்பு பைக், நம்பரை மறைத்த சிவப்புப் பொலித்தீன் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு திரும்பி, பின்னலைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள். கீறல் மங்கிப்போயிருந்தது, ஆனாலும் இருந்தது.

றுஸைனா இடது கை விரலால் அதைத் தொட்டாள்.

"அண்டைக்கு நானும் நம்பல்ல ஷிரானி. தம்பிக்குக் குடுத்துட்டுப் பொய் சொல்றீங்கண்டுதான் நெனச்சன். ரெண்டு பேர்ட்ட சொல்லியும் ஈக்கிறன்."

எத்தனையோ பேர் அப்படி நினைத்தது ஷிரானிக்குத் தெரியும். இவளும் என்பது தெரியாது. வட்டிலப்பம் அனுப்பியவள், அதே பெருநாளில் அவளைப் பொய்க்காரி என்று நினைத்திருக்கிறாள். ஷிரானி போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"போங்க தாத்தா. எனக்கு வேல இருக்கு."

அன்றைக்கு முழுவதும் அவள் வேலை ஒன்றும் செய்யவில்லை. நாளைக்கு றுஸைனா பயத்தில் கையை நீட்டிவிட்டால் டிலக்சன் திருடனாகிவிடுவான். திருடன் பிடிபட்டாயிற்று என்று லேன் நிம்மதியாகத் தூங்கும். புருவத்தில் வெட்டு உள்ளவனை அதற்குப் பிறகு ஒருவரும் தேடப் போவதில்லை. அவளுடைய சங்கிலி அறுக்கப்படாத சங்கிலியாகவே போய்விடும். அவளுக்கு முதலில் வந்த எண்ணம் இதுதான். டிலக்சனின் சத்தமும் தான் திறந்துவிட்ட தண்ணீர்ப் பைப்பும் அதற்குப் பிறகுதான் வந்தன. வந்தபின் அவை போகவில்லை.

காலையில் கோயிலுக்கு உடுத்துகிற சேலையைக் கட்டிக்கொண்டு, றுஸைனாவுக்குப் பக்கத்தில் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். கிறிஷாந்த் கண்ணாடியில் பார்த்து, நீ எதுக்கு என்று கேட்டான். தாத்தாவுக்குத் துணைக்கு என்றாள். நீதிமன்றப் படியில் ஏறும்போது றுஸைனா அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

அணிவகுப்பில் றுஸைனா ஒருவரையும் காட்டவில்லை. முகத்தைக் காணவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து அழுதாள். ஷிரானி அங்கே நின்ற ஒரு பெண் பொலிஸிடம் போனாள். தனக்கும் சங்கிலி அறுந்தது, அந்த வண்டியிலும் சிவப்புப் பொலித்தீன்தான், அறுத்தவனின் முகம் தனக்குத் தெரியும், அது இந்தப் பையன் இல்லை என்று சிங்களத்தில், தடுமாறாமல் சொன்னாள். அந்தப் பெண் அவளைக் கதிரையில் உட்காரவைத்து முதலிலிருந்து கேட்டாள். கிறிஷாந்த் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் அவன் ஓட்டோவை நிறுத்திவிட்டு, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டான்.

பொலிஸார் தம்புள்ளைக்குப் போய் விசாரித்தார்கள். சவரியம்மா சொன்னது சரியாக இருந்தது, பையனை விட்டுவிட்டார்கள். லேனுக்கு அது பிடிக்கவில்லை. றுஸைனா இளகின மனசுக்காரி, தாயின் கண்ணீரைப் பார்த்து மாறிவிட்டாள் என்று அவளை மன்னித்தார்கள். ஷிரானியை மன்னிக்கவில்லை. கேட்காத இடத்தில் போய் மூக்கை நுழைத்துக் கள்ளனைத் தப்பவிட்டவள் என்றார்கள். பஸ்ஸுக்குச் சேர்ந்து போகிற பெண்கள் அவளுக்காகக் காத்திருப்பதை நிறுத்தினார்கள். மன்னிப்பிலும் றுஸைனாவுக்கே முதலிடமா என்று ஷிரானிக்கு மறுபடியும் சுருக்கென்றது.

அன்று வாங்கிய அடியில் டிலக்சனுக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. தாயும் மகனும் லயத்து வீட்டை விட்டுத் தம்புள்ளைப் பக்கம் போய்விட்டார்கள். போகும் முன் ஷிரானி அவர்களைப் பார்க்கப் போனாள். அன்றைக்குத் தான் வாசலில் நின்று பார்த்ததையும், ஒன்றும் பேசாமல் உள்ளே போனதையும் சொன்னாள். சவரியம்மா தட்டுமுட்டுச் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே கேட்டாள். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை.

மழை விட்டு ரிவர்ஸ்டன் பக்கம் மலை தெளிகிற நாட்களில், வேறொரு ஊரில் ஒரு பாடசாலை ஆசிரியையின் சங்கிலியை அறுக்கும்போது இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஷிரானியைக் கூப்பிட்டார்கள். வரிசையில் நின்றவர்களில் அவனைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரம் எடுக்கவில்லை. அவனும் அவளைப் பார்த்தான். அவள் கையை நீட்டினாள். சங்கிலி கிடைக்கவில்லை, எப்போதோ உருக்கிவிட்டார்களாம்.

கிறிஷாந்த் அன்று பின்னேரம் குசினிக்கு வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப நெசமாவே அறுத்துட்டுத்தான் போயிருக்கான்."

"ஆமா."

அவன் புதுச் சங்கிலி ஒன்று பார்ப்போம் என்றான். ஷிரானி இப்போதைக்கு நூலே போதும் என்று சொல்லிவிட்டுச் சோற்றை வடித்தாள். டிலக்சனைப் பார்க்க அவன் ஒருநாள் ஓட்டோவில் தம்புள்ளைக்குப் போனான் என்று பிறகு றஹீம் மூலமாகத்தான் அவளுக்குத் தெரியவந்தது.

இப்போது ஷிரானி வேலைக்குப் போகும்போது றுஸைனா சில நாட்களில் கூடவே வருகிறாள், ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தக் கை இன்னும் முழுதாக நீளாது. ஒருநாள் பஸ்ஸில் கூட்டம். ஒரு பெண் அந்தக் கையைக் கண்டு எழுந்து றுஸைனாவுக்கு இடம் கொடுத்தாள், என்ன நடந்தது என்று விசாரித்தாள். சங்கிலி அறுத்த கதையைச் சொன்ன றுஸைனா, நின்றுகொண்டிருந்த ஷிரானியைக் காட்டி, "இவங்களுக்குத்தான் மொதல்ல நடந்தது. இவங்கதான் ஆளையும் காட்டிக்குடுத்த" என்றாள்.

அந்தப் பெண் ஷிரானியை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அப்படியா என்றாள். பிறகு திரும்பி, இந்தக் கைக்கு என்ன எண்ணெய் பூசுகிறீர்கள் என்று றுஸைனாவிடம் கேட்கத் தொடங்கினாள். ஷிரானிக்கு நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் லேசாகக் கிளம்பியது. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பையை றுஸைனா கேட்காமலே வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.